குழாய் உள்ளவையும் இல்லாதவையும்: சுரப்பிகள் பற்றி வாசகர் கேட்டவை

இம்மாதம் வந்த கடிதங்களில் சுரப்பிகளைப் பற்றியவை மட்டும் இங்கே தொகுத்துப் பதிலளிக்கப்படுகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன். தத்தம் நோய்க்கு மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்வது முறையன்று.

கேள்வி: ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகன், சுரப்பிகளில் குழாய் உள்ளவை, குழாய் இல்லாதவை என இரண்டே வகை என்கிறான். கணையம் இரண்டிலும் வருகிறதே என்று கேட்டால் விழிக்கிறான். உண்மையில் எதை வைத்து வகை பிரிக்கிறார்கள்? (செந்தூலிலிருந்து ஒரு தாயார்)

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான், அம்மா. ஆனால் அந்தப் பிரிவு உறுப்புக்கு உரியது என்று கொள்வதால்தான் கணையத்தில் வந்து சிக்கிக்கொள்கிறான். சுரந்த பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதை வைத்துப் பிரித்தது அது. தோலின் மேற்பரப்புக்கோ, வாய், குடல், மூச்சுக்குழல் போன்றவற்றின் உட்பரப்புக்கோ சுரப்பைக் கொண்டு சேர்ப்பது நாளமுள்ள (குழாயுள்ள) சுரப்பி. தன்னைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் சுரப்பை விட்டு, அதை உடல் முழுவதும் அனுப்பிவிடுவது நாளமில்லாச் சுரப்பி. வியர்வை, உமிழ்நீர், கண்ணீர், தாய்ப்பால் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. தைராய்டு, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி, அட்ரினல் ஆகியவற்றின் ஹார்மோன்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இரண்டு வகைக்கும் பிறப்பு பெரும்பாலும் ஒன்றே. கருவில் ஒரு பரப்பை மூடியிருக்கும் உயிரணுக்களின் படலம் உள்நோக்கி முளைவிட்டு வளர்கிறது. அந்த முளைக்கும் பரப்புக்கும் இடையிலுள்ள தொடர்பு நிலைத்துவிட்டால் அதுவே குழாயாகிறது. தொடர்பு அழிந்துவிட்டால் குழாயில்லாச் சுரப்பி உருவாகிறது. தைராய்டு இதற்கு நல்ல சான்று. நம் கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி, கருவில் நாக்கின் அடிப்பகுதியில் தோன்றிக் கீழே இறங்கி வந்தது. வந்த வழியில் இருந்த குழாய் மறைந்துவிடுகிறது. புறப்பட்ட இடத்தில் நாக்கின் பின்பகுதியில் ஒரு சிறு குழி மட்டும் எஞ்சுகிறது. சிலருக்கு அந்த வழியின் ஒரு துண்டு மறையாமல் தங்கி, கழுத்தின் நடுக்கோட்டில் நீர்க்கட்டியாகத் திரள்வதுண்டு. நாக்கை வெளியே நீட்டச் சொன்னால் அந்தக் கட்டி மேலேறும் என்பதை வைத்தே மருத்துவர் அதை அடையாளம் காண்கிறார்.

ஒரு சுரப்பி பெரிய உறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. குடலிலும் மூச்சுக்குழலிலும் சளியைச் சுரக்கும் கோப்பை வடிவ உயிரணு ஒவ்வொன்றும் தனித்த ஒரு சுரப்பிதான். தேர்வில் இதைக் கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகனிடம் நினைவூட்டுங்கள். கணையத்தைப் பற்றி வேறொரு வாசகர் கேட்டிருப்பதால் அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

கேள்வி: பதினைந்து வயதாகும் என் மகளுக்கு முகத்தில் எண்ணெய் வழிந்து பருக்கள் வருகின்றன, தேர்வு நேரத்தில் உள்ளங்கை நனைந்து தாள் ஈரமாகிறது, பள்ளிவிட்டு வரும்போது அக்குளில் நாற்றம். எல்லாம் வியர்வைச் சுரப்பிக் கோளாறுதானா? ஒரே மருந்தில் சரியாகுமா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

பதில்: சகோதரி, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு சுரப்பிகளின் வேலை. அவை சுரக்கும் முறையும் வேறு வேறு. வயதோடு வரும் இயல்பான மாற்றங்கள் என்பதைத் தவிர அவற்றுக்குள் அதிகத் தொடர்பில்லை. பாடப்புத்தகம் மூன்று சொற்களில் முடித்துவிடும் இப்பகுதி, தோலைப் பொறுத்தவரை மிகவும் பயனுள்ளது என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

சுரக்கும் உயிரணு தன்னுள் இருப்பதை வெளியே தரும்போது தன்னில் எவ்வளவை இழக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஒன்றும் இழக்காமல் தருவது முதல் முறை. மீரோகிரைன் என்பது அதன் பெயர். உயிரணுவுக்குள் தயாரான பொருள் நுண்ணிய பைகளில் அடைக்கப்பட்டுக் காத்திருக்கும். நரம்போ ஹார்மோனோ தூண்டும்போது உயிரணுவுக்குள் கால்சியம் உயர்கிறது. பைகள் வெளிச்சவ்வோடு ஒட்டி, தம் உள்ளடக்கத்தை மட்டும் வெளியே கொட்டிவிடுகின்றன. உமிழ்நீரின் நொதிகளும், கணையத்தின் நொதிகளும், இன்சுலினும் இவ்வாறே வெளிவருகின்றன. இந்தப் பாதையைக் கினிப்பன்றியின் கணையத்தில், கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைப் பின்தொடர்ந்து படிப்படியாகக் காட்டியவர் ஜார்ஜ் பலாடே. 1974-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

உங்கள் மகளின் உள்ளங்கையை நனைக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பியையும் இந்த வகையில்தான் சேர்ப்பார்கள். உடலெங்கும் 20 முதல் 40 இலட்சம் வரை இருக்கும் இவை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. வியர்வையில் பெரும்பகுதி நீரும் உப்பும் என்பதால், இங்கே பைகளைவிட உப்பின் அயனிகளை இறைக்கும் வேலையே முதன்மையானது. அயனிகள் நகரும் பக்கம் நீர் தானே பின்தொடர்கிறது. உடற்சூடு தணிவதற்காக நெற்றியும் முதுகும் வியர்க்கின்றன. உள்ளங்கையோ மனப்பதற்றத்துக்கு வியர்க்கிறது. ஆகவே தேர்வு அறையில் குளிர்சாதனம் ஓடினாலும் தாள் நனையத்தான் செய்யும். இது படிப்புக்கே இடையூறாகும் அளவுக்கு இருந்தால், குழாய் வாயை அடைக்கும் அலுமினியம் குளோரைடு பூச்சிலிருந்து, நரம்பின் செய்தியைத் தடுக்கும் ஊசி வரை வழிகள் உண்டு. தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டாவது முறையில் உயிரணு தன் மேல்முனையின் ஒரு பகுதியையும் சேர்த்துக் கிள்ளி அனுப்பிவிடுகிறது, இது அப்போகிரைன். ஐயத்துக்கு இடமின்றி இதைக் காணக்கூடிய இடம் தாயின் மார்பகம். பாலின் புரதங்கள் மீரோகிரைன் முறையில் வெளிவர, கொழுப்புத் துளிகள் மட்டும் உயிரணுவின் வெளிச்சவ்வைப் போர்த்திக்கொண்டே கிள்ளப்பட்டுப் பாலில் சேர்கின்றன. ஒரே உயிரணு ஒரே நேரத்தில் இரண்டு முறைகளைக் கையாள்கிறது என்பதைக் கவனியுங்கள். அக்குளிலும் கவட்டிலும் உள்ள பெரிய வியர்வைச் சுரப்பிகளுக்கும் இதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அவை முற்றிலும் இம்முறையில்தான் சுரக்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பூப்பெய்தும் பருவத்தில்தான் அவை வேலை தொடங்குகின்றன. சுரந்த கணத்தில் அந்தத் திரவத்துக்கு நாற்றம் இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதே நாற்றம் எழுகிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஏபிசிசி11 என்ற மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றத்தால் காதுக் குறும்பி ஈரமாக இல்லாமல் உலர்ந்து உதிர்கிறது என்பதை 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதே மாற்றம் உள்ளவர்களுக்கு அக்குள் நாற்றமும் மிகக் குறைவு. கிழக்காசிய மரபினரிடம் இது மிகுதி, நம்மவரிடம் குறைவு. ஆகவே உங்கள் மகள் தன் சீனத் தோழியரோடு தன்னை ஒப்பிட்டு, தன் சுத்தத்தைக் குறைவாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, பருத்தி உடை அணிவது போதுமானது.

மூன்றாவது முறையில் உயிரணு தன்னையே கொடுத்துவிடுகிறது. ஹோலோகிரைன் எனப்படும் இம்முறைக்கு உரியது முகத்தின் எண்ணெய்ச் சுரப்பி. அதன் அடிவரிசையில் பிறக்கும் உயிரணு, உள்ளே நகர நகரக் கொழுப்பால் நிரம்பிப் பருத்து, உட்கரு சிதைந்து, இறுதியில் வெடித்துவிடுகிறது. அந்த உயிரணுவின் சிதைவும் கொழுப்புமாகச் சேர்ந்ததே நாம் கைக்குட்டையில் துடைக்கும் எண்ணெய். இந்தப் பயணத்துக்குச் சில வாரங்கள் ஆகின்றன. அதனால்தான் பருவுக்கு மருந்து பூசத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே பலன் இல்லை என்று விட்டுவிடுவது தவறாகிறது. ஆறு முதல் எட்டு வாரங்களாவது பொறுக்க வேண்டும். இந்தச் சுரப்பியை இயக்குவது ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன். அது பெண்களிடமும் உண்டு. நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் மேலே இருக்கும் எண்ணெய் போகுமே தவிர, உள்ளே சுரப்பது குறையாது, தோல்தான் எரியும். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் ஆற்றல் கொண்டது. ஆனால் கருவுற்றிருக்கும்போது உட்கொண்டால் குழந்தைக்குப் பெரும் ஊனம் விளைவிக்கும் என்பதால், அதை நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். அதை இணையத்தில் விற்பவர்களிடம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை என்னவென்று சொல்வது!

கேள்வி: கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். மற்றவர்களைவிட எனக்கு அதிகம் வியர்க்கிறது. வியர்க்க வியர்க்க உடம்பிலுள்ள நஞ்சு போகும் என்கிறார் என் மேற்பார்வையாளர். உப்பு மாத்திரையும் சாப்பிடச் சொல்கிறார். சரியா? (பினாங்கு, ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: தம்பி, கழிவை அகற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. வியர்வையில் யூரியா போன்றவை சிறிதளவு இருக்கின்றன என்பதற்காக அதைச் சுத்திகரிப்பு என்று சொல்ல முடியாது. அதன் ஒரே பெரிய வேலை உடலைக் குளிர்விப்பது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாக வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டித் தரையில் விழுவது உடலைக் குளிர்விக்காது, நீரை மட்டும் வீணாக்கும். ஆகவே நிழலும் காற்றோட்டமும் இல்லாமல் வியர்வையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

அதிகம் வியர்ப்பது பெரும்பாலும் பழகிய உடலின் அறிகுறியே. வெயிலில் ஓரிரு வாரம் வேலை செய்தவருக்கு வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அளவும் கூடும், ஆனால் உப்பு குறையும். சுரப்பியின் அடிச்சுருளில் உருவாகும் வியர்வை இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் போல உப்பாகவே இருக்கிறது. அது குழாய் வழியே மேலே வரும்போது குழாயின் சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் அந்த உறிஞ்சலைக் கூட்டும். வியர்வை வேகமாகப் பாய்ந்தால் உறிஞ்ச நேரம் போதாமல் உப்பு மிகுதியாக வெளியேறிவிடும்; கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு படிவது அதனால்தான். பத்துமலையில் காவடி ஏந்தி 272 படிகளை ஏறி இறங்கியவரின் முதுகிலும் அதைப் பார்க்கலாம்.

உப்பு மாத்திரை வேண்டாம். வழக்கமான சாப்பாடும், இடையிடையே நீரும் போதும். பல மணிநேரம் கடுமையாக வியர்த்தால் மருந்தகத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக் குடியுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதற்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும். வெயிலில் நிற்பவருக்குத் திடீரென்று பேச்சுக் குழறி மனம் தடுமாறினால், வியர்வை இருந்தாலும் நின்றிருந்தாலும், அது வெப்பத் தாக்கு. உடனே நீரூற்றிக் குளிர்வித்துக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.

வேர்க்குருவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருவது அது. பவுடரை அப்பினால் ஈரத்தில் குழைந்து மேலும் அடைக்கும். குளித்துவிட்டுக் காற்றாட இருப்பதே மருந்து.

கேள்வி: புளிப்பாக எதைச் சாப்பிட்டாலும் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் வீங்கி வலிக்கிறது, அரைமணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. ஜெருக் கடைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. பொன்னுக்குவீங்கியாக இருக்குமோ? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: பொன்னுக்குவீங்கி என்பது காதுக்கு முன்னும் கீழும் உள்ள கன்னச் சுரப்பியில் வைரஸ் தொற்றி, காய்ச்சலோடு சில நாட்கள் நீடிக்கும் வீக்கம். சாப்பிடும்போது மட்டும் வந்து, பிறகு வடிந்துவிடும் வீக்கம் அதைப் போன்றதன்று. உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருப்பதற்கே இது இலக்கணமான அறிகுறி.

நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை உண்டு. கன்னச் சுரப்பி நீர்த்த உமிழ்நீரையும், நாவடிச் சுரப்பி பெரும்பாலும் கொழகொழப்பான சளியையும், தாடையடிச் சுரப்பி இரண்டையும் கலந்தும் சுரக்கின்றன. சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைத்திருப்பதில் தாடையடிச் சுரப்பியின் பங்கே பெரிது. அதன் குழாய் நீளமானது. மேல்நோக்கி ஏறிச் சென்று நாவின் கீழே திறக்கிறது. அதில் ஓடும் உமிழ்நீரும் தடித்தது. ஆகவே பத்தில் எட்டுக் கற்கள் இங்கேதான் உண்டாகின்றன. உமிழ்நீரைப் பெருகவைப்பதில் புளிப்புக்கு நிகர் வேறில்லை. மாங்காய் ஜெருக்கோ அசாம் லக்சாவோ நாக்கில் பட்டதும் சுரப்பி முழு வேகத்தில் சுரக்கிறது. வழி அடைபட்டிருப்பதால் உள்ளேயே தேங்கி வீங்குகிறது. பின்னர் மெல்லக் கசிந்து வடிகிறது.

பல் மருத்துவரிடமோ, காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். சிறிய கல்லாக இருந்தால், நீர் நிறையக் குடித்து, சுரப்பியை முன்னோக்கி நீவிவிட்டு, புளிப்பு மிட்டாய் சப்பி, கல்லைத் தானாகவே வெளியே வரவைப்பதுண்டு. நீங்கள் அஞ்சும் அதே புளிப்பு மருந்தாகவும் ஆகிறது! வீக்கம் வடியாமல் காய்ச்சலோ சீழோ வந்தால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இதுவும் சுரப்பி வீக்கம்தானே? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: இல்லை. நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணு. அது எதையும் சுரப்பதில்லை. கிருமிகளை வடிகட்டி, எதிர்ப்பு உயிரணுக்களைப் பெருக்கும் இடம் அது. தொண்டைப் புண்ணோ, சொத்தைப் பல்லோ, தலையில் புண்ணோ இருந்தால் அருகிலுள்ள கணு வீங்கி, தொட்டால் வலிக்கும். காரணம் நீங்கியதும் ஓரிரு வாரத்தில் சுருங்கும். வலியே இல்லாமல், கெட்டியாக, நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு, மூன்று வாரத்தைத் தாண்டியும் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். காசநோயும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயும் கழுத்துக் கணுவில் முதலில் தலைகாட்டுவது மலேசியாவில் அரிதன்று.

கேள்வி: எனக்கு இனிப்பு நீர் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணையம் சரியாகச் சுரக்கவில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். கணையம்தான் செரிமான நீரையும் தருகிறது என்று படித்தேன். அப்படியானால் எனக்குச் சாப்பாடு மட்டும் எப்படி ஒழுங்காகச் செரிக்கிறது? (கோலாலம்பூர், ஜாலான் ஈப்போ வாசகர்)

பதில்: இந்த மாதக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஐயா. இதே ஐயம்தான் ஒரு காலத்தில் மருத்துவ உலகத்தையே அலைக்கழித்தது.

கணையத்தின் பெரும்பகுதி நாளமுள்ள சுரப்பி. நாள்தோறும் ஒரு லிட்டருக்கும் மேலான செரிமான நீரை அது குழாய் வழியே சிறுகுடலின் தொடக்கத்தில் கொட்டுகிறது. அதற்குள்ளே ஏறத்தாழ பத்து இலட்சம் சிறு திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. மொத்த எடையில் ஓரிரு விழுக்காடுதான் வரும் அந்தத் திட்டுகளை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் முதலில் கண்டு எழுதினார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889-இல் மேரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. ஆனால் கணையத்தை அகற்றாமல் அதன் குழாயை மட்டும் கட்டிவிட்டால், செரிமான நீரைச் சுரக்கும் பகுதி நலிந்து அழிகிறதே தவிர, திட்டுகள் பிழைத்திருக்கின்றன, நீரிழிவும் வருவதில்லை. ஒரே உறுப்பில் இரண்டு தனித்தனிச் சுரப்பிகள் குடியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டுதான் பாண்டிங்கும் பெஸ்டும் 1921-இல் டொராண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுக்க முற்பட்டார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது.

உங்களுக்குக் குறைந்திருப்பது அந்தத் திட்டுகளில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களின் ஆற்றல். மற்றப் பகுதி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே மாமாக் கடையில் சாப்பிட்ட ரொட்டி சானாய் குறையின்றிச் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்த பிறகுதான் உங்கள் சிக்கல் தொடங்குகிறது.

பீட்டா உயிரணு சுரக்கும் விதம் அழகானது. சர்க்கரை உள்ளே நுழைந்து எரிந்து ஆற்றலாகும்போது, உயிரணுவின் சவ்வில் உள்ள பொட்டாசியம் வழி மூடிக்கொள்கிறது. அதனால் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் வழி திறக்கிறது. கால்சியம் புகுந்ததும் இன்சுலின் பைகள் வெளியே கொட்டுகின்றன. உங்களுக்குக் கிளிக்கிளசைடு மாத்திரை தந்திருந்தால், அது அதே பொட்டாசியம் வழியை நேரடியாக மூடுகிறது. சர்க்கரை குறைவாக இருக்கும்போதும் அது இன்சுலினைச் சுரக்கவைக்கும் என்பதால், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் தலைசுற்றி, வியர்த்து, மயக்கம் வரும். மெட்ஃபார்மின் அப்படியன்று, அது சுரப்பைத் தூண்டுவதில்லை, முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கிறது. இரண்டு மாத்திரைகளையும் ஒன்றாக எண்ணி மாற்றிப் போட்டுக்கொள்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

செரிமான நீர் எப்போது சுரக்க வேண்டும் என்பது கணையத்துக்கு எப்படித் தெரிகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் நரம்பின் வேலை என்றே ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் கருதியிருந்தார். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் நாயின் குடல் துண்டு ஒன்றின் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதில் அமிலத்தை ஊற்றினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. குடலின் உட்படலத்தைச் சுரண்டி அரைத்து, அதன் சாற்றை இரத்தத்தில் செலுத்தியபோதும் சுரந்தது. இரத்தத்தின் வழியே செய்தி போகிறது என்று நிறுவப்பட்டது அங்கேதான். அந்தப் பொருளுக்குச் செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905-இல் வழங்கினார்.

2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அந்த விகிதம் மேலும் அதிகம். உங்கள் பிள்ளைகளையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலமும் எடை இழப்பும் உங்களுக்கு எப்போதாவது தோன்றினால், செரிமானப் பகுதியும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி: தைராய்டு மாத்திரையை ஒருநாள் மறந்துவிட்டால் ஆபத்தா? காலையில் தேத்தண்ணியோடு போடலாமா? (பாயான் பாரு வாசகி)

பதில்: ஒருநாள் மறந்தால் ஆபத்தில்லை, அம்மா. நீங்கள் எடுக்கும் தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகின்றன. மருந்தின் அளவை மாற்றினால் இரத்தச் சோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து வரச் சொல்வதும் அதனால்தான். நலமாக உள்ள தைராய்டு இன்னும் சேமிப்புக் குணம் கொண்டது. மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் உயிரணுவுக்குள் சிறிதளவே வைத்திருக்க, இது மட்டும் உயிரணுக்களுக்கு வெளியே, உருண்டையான நுண்ணறைகளில், இரண்டு மூன்று மாதங்களுக்குத் தேவையான ஹார்மோனைப் புரதத்தோடு பிணைத்துச் சேர்த்துவைக்கிறது. தேவைப்படும்போது உயிரணு அதை விழுங்கி, வெட்டி, ஹார்மோனை மட்டும் இரத்தத்தில் விடுகிறது. இதற்கு அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அதுகூடக் கிடைக்காததால் சபா, சரவாக் உட்பகுதிகளில் ஒரு காலத்தில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது.

தேத்தண்ணியோடு போடாதீர்கள். வெறும் வயிற்றில் வெறும் நீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துப் பசியாறுங்கள். காப்பி, பால், சோயாப் பால் ஆகியவை மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். வாழ்நாள் முழுவதும் மாத்திரையா என்று வருந்தியிருக்கிறீர்கள். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு செயலிழந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போடத் தொடங்கினார். அந்த அம்மையார் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். உங்களுக்கோ நாளுக்கு ஒரு சிறு மாத்திரைதான்.

கேள்வி: மூட்டுவலிக்கு என் மாமியார் ஒரு மூலிகைக் குளிகை வாங்கிச் சாப்பிடுகிறார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. ஆறு மாதமாகிறது, முகம் உருண்டையாகிவிட்டது, சர்க்கரையும் ஏறிவிட்டது. நிறுத்திவிடச் சொல்லலாமா? (கெப்போங் வாசகி)

பதில்: உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளிகையையும் அதன் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்ற ஐயம் வலுவாக எழுகிறது. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட சிலவற்றில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டின் வேகம் அத்தகையது. 1948-இல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற மருத்துவர் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டபோது, படுக்கையை விட்டு நகர முடியாதிருந்தவர் சில நாட்களிலேயே நடந்தார். இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசு வந்தது. பின்விளைவுகள் அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் புறப்பகுதி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைப் போல இதைப் பைகளில் சேமித்துவைக்க முடியாது. கொழுப்பிலிருந்து உருவாகும் பொருள் என்பதால், உருவானவுடனே சவ்வைக் கடந்து போய்விடும். பிட்யூட்டரி கட்டளையிட்டால் அட்ரினல் அப்போதைக்கப்போது உருவாக்கித் தரும். வெளியிலிருந்து கார்ட்டிசாலைப் போன்ற ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடுகிறது. வேலையில்லாத அட்ரினல் புறப்பகுதி நாளடைவில் சுருங்கிப்போகிறது. அந்த நிலையில் குளிகையைச் சட்டென்று நிறுத்தினால், உடலில் கார்ட்டிசால் இல்லாமல் வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் எனத் தொடர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ இடையில் வந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

மருத்துவர் அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு உங்கள் மாமியாரை மாற்றி, அதை வாரங்களாகவோ மாதங்களாகவோ படிப்படியாகக் குறைப்பார். கார்ட்டிசால் இயல்பாக உச்சத்தில் இருப்பது அதிகாலை வேளையில் என்பதால், காலை எட்டு மணியளவில் இரத்தம் எடுத்து, சுரப்பி தன் வேலைக்குத் திரும்பிவிட்டதா என்று சோதிப்பார்கள். அந்த முடிவு வரும் வரை, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் ஸ்டீராய்டு எடுத்துவந்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இனி இத்தகைய மருந்து வாங்கும்போது பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டியும் உள்ளனவா என்று பார்த்து, அந்த எண்ணை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தட்டிச் சரிபாருங்கள்.